டீச்சர், எம்புள்ளைய ஏன் போட்டீக?

கடலோர நடுநிலைப்பள்ளி ஆசிரியை, மண்டபம் பக்கம்:

வகுப்பில் நடந்ததை நெட்டில் எழுதப்போய் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், நல்லது கண்டவர்கள், ரெண்டு பேருமே எழுதுங்கள். முதலில் நான்.

சில வருஷம் முன்பு, பள்ளி திறந்த முதல் வாரம். எங்கள் பக்கத்து ஜூன் மாதம் எப்படியிருக்கும் என்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். நோட்டு, பை, செருப்பு என்று செலவு வரிசைகட்டி நிற்கிற நேரத்தில்தான் விசைப்படகுக்குப் போகிற வீட்டில் கையில் காசு இருக்காது. ஏழாவது படிக்கிற பையன் ஒருவன், ரெண்டாவது படிக்கிற தங்கச்சியை எட்டு மணிக்கே கூட்டி வந்துவிடுவான். பள்ளியில் காலை உணவு அஞ்சாவது வரைக்கும்தான். தங்கச்சி உள்ளே உட்கார்ந்து பொங்கல் சாப்பிடும். இவன் வேப்பமரத்தடி சிமென்ட் திண்டில், தங்கச்சி பையை மடியில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பக்கம் திரும்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பேஸ்புக்கில் உருகி உருகி எழுதி, திண்டில் இருக்கிற அவன் போட்டோவையும் சேர்த்துப் போட்டேன். ராத்திரிக்குள் லைக் குவிந்துவிட்டது. ‘கண் கலங்கிடுச்சு டீச்சர்’ என்று முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதினார்கள். கொஞ்சம் குளிர்ந்துதான் போனேன், பொய் சொல்லக்கூடாது.

மூன்றாம் நாள் அவன் அம்மா வந்தார். கடல்பாசி எடுக்கப் போகிறவர். பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்கவில்லை, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் போன். “டீச்சர், எம்புள்ளைய ஏன் போட்டீக? கரையில அம்புட்டுப் பேரும் அவுக அப்பாட்ட கேக்குறாக, புள்ளைக்குக் கஞ்சி ஊத்த வக்கில்லையான்னு.” சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன்.

உடனே பதிவை அழித்தேன். அதற்குள் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றிவிட்டிருந்தது. பையன் ஒரு வாரம் வரவில்லை. வந்த பிறகு பெல் அடித்த பின்னால்தான் வருவான். தங்கச்சி தனியாக வர ஆரம்பித்தது.

இப்போதும் எழுதுகிறேன். போட்டோ என்றால் கரும்பலகை, திருத்திய நோட்டு, சாக்பீஸ் பிடித்த என் கை. அவ்வளவுதான்.

ஆர்.எஸ்.மங்கலம் பக்கம், தமிழாசிரியர்:

மன்னிக்கணும் டீச்சர். இப்போதும் அவன் கதையைத்தானே எழுதியிருக்கிறீர்கள்?

மண்டபம் ஆசிரியை:

நியாயமான கேள்வி சார். அவன் அம்மாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். “பேரு ஊரு இல்லாமச் சொல்லுங்க, அந்த மரத்தையும் மாத்திருங்க” என்றார். அதனால் அது வேப்பமரம் இல்லை. வேறு ரெண்டு விவரமும் மாற்றியிருக்கிறேன்.

தொண்டி பக்கம், கணக்கு ஆசிரியர்:

நான் நல்லது கண்டவன். எட்டாவதுக்கு விகிதம் நடத்தி இரண்டு நாள் தோற்றேன். புத்தகத்துக் கணக்கு ஒருத்தனுக்கும் ஏறவில்லை. மூன்றாம் நாள் கடல்பாசி வளர்க்கிற மிதவையை வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். அந்தப் பாசியைக் கப்பாபைகஸ் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, பெப்சி பாசி என்றால்தான் தெரியும். அந்தக் கம்பெனிதான் இங்கே வியாபாரத்துக்கு வளர்க்க வைத்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

மூங்கில் மிதவை ஒன்றுக்கு 20 கயிறு. கயிற்றுக்கு 20 இடத்தில் கட்டு. கட்டுக்கு 150 கிராம் விதைப்பாசி. மொத்தம் எத்தனை கிலோ? நான் எழுதி முடிக்கும் முன்பே கடைசி பெஞ்சிலிருந்து “அறுபது!” எப்படிடா என்றால், “அப்பா எப்பவும் அறுவது கிலோதான் சார் கட்டுவாக.” கணக்கே போடவில்லை பயல், வீட்டு வழக்கத்தைச் சொல்லிவிட்டான். அப்புறம் பத்து கிலோ ஈரப்பாசி காய்ந்தால் ஒரு கிலோ என்று போனோம். ஒரு பிள்ளை எழுந்து, “நல்லாக் காஞ்சாத்தான் சார். ஈரத்தோட போட்டா வியாபாரி எடையில கழிச்சுருவாரு” என்றது. அந்தக் கழிவைப் பிடித்துக்கொண்டு சதவீதத்துக்குள் நுழைந்துவிட்டேன்.

தோற்ற ரெண்டு நாளையும் மறைக்காமல், டெலிகிராமில் உள்ள ஆசிரியர் குழுவில் எழுதினேன். நீலகிரியிலிருந்து ஒரு ஆசிரியை மறுநாளே பதில் போட்டார். அங்கே பச்சைத் தேயிலை நாலு, நாலரை கிலோவுக்கு ஒரு கிலோ தூளாம். அவர் வகுப்பும் விகிதத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறதாம். கணக்குகளை மாற்றிக்கொண்டோம். எங்கள் பிள்ளைகள் அவர்களிடம் கேட்ட முதல் கேள்வி: “ஒங்க ஊர்ல மழையாத்தான பேயும், எலைய எங்க காயப் போடுவீக?” அங்கிருந்து பேக்டரியைப் பற்றி ரெண்டு பக்கக் கடிதம் வந்தது. முத்து முத்தான கையெழுத்து.

பாம்பன் பக்கம், இடைநிலை ஆசிரியை:

என்னை ஜூமில் அனுபவம் பேசக் கூப்பிட்டார்கள். இலவச அக்கவுண்ட், 40 நிமிஷத்தில் தானாக நின்றுவிடும். வாழ்த்து, வரவேற்பு, சிறப்பு விருந்தினர் முடிய 34. நான் பேச ஆரம்பித்து, “அன்றைக்கு அந்தப் பிள்ளை என்னைப் பார்த்து...” என்றதும் கட். அந்தப் பிள்ளை என்ன சொன்னது என்று இன்றுவரை யாரும் கேட்கவில்லை. பங்கேற்புச் சான்றிதழ் மட்டும் அன்றைக்கே வந்துவிட்டது.

ராமேஸ்வரம், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்:

தன் பள்ளி வாத்தியார் சிவசுப்பிரமணிய ஐயர் கதையை கலாம் மேடைக்கு மேடை சொன்னார். பறவை எப்படிப் பறக்கிறது என்று ஐயர் பலகையில் படம் போட்டு நடத்தினார். புரியவில்லை என்று பிள்ளைகள் சொன்னார்கள். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ப் பறவைகளைக் காட்டினார். எல்லாரும் கடற்கரையைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தின இடம்: நடத்திய பாடம் புரியவில்லை என்று அந்த வாத்தியாரிடம் சொல்ல முடிந்திருக்கிறது. இப்போது வருகிற பதிவுகளில் எல்லாப் பாடமும் முதல் தடவையே புரிந்துவிடுகிறது. நம்புகிறாப்போல் இல்லை.

தொண்டி கணக்கு ஆசிரியர்:

உண்மை அய்யா. டீச்சர், ஒரு சந்தேகம். பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் போட்டோ போடலாமா?

மண்டபம் ஆசிரியை:

விளையாட்டு விழா, பரிசு வாங்கியது என்றால் பள்ளியிலும் கேட்டுக்கொண்டு போடலாம் சார். போக்சோ வழக்கு, பாதுகாப்பு தேவைப்படுகிற பிள்ளை என்று வந்துவிட்டால் கையெழுத்தை நம்பி இறங்காதீர்கள். 2012 போக்சோ சட்டம் பிரிவு 23, 2015 இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 74, ரெண்டையும் ஒருதரம் படித்துவிடுங்கள். பெயர், முகவரி மட்டுமில்லை, பள்ளியின் பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. அதோடு நம் ஊர்களில் பெயரை மறைத்து என்ன ஆகப்போகிறது? எங்கள் ஏழாவதில் மொத்தமே பதினோரு பேர். ‘படகுக்காரர் மகன், தங்கச்சி ரெண்டாவது’ என்றாலே கரையில் விரல் நீட்டிவிடுவார்கள்.

பாம்பன் ஆசிரியை:

தொண்டி சார், அந்த மிதவைக் கணக்கையும் தேயிலைக் கணக்கையும் எனக்கு அனுப்புங்கள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள், விடிந்தால் நாற்பது காலை வணக்கத்துக்கு அடியில் போய்விடும்.