புளூ நோட்டைச் சாய்த்தது லிபர்ட்டியா, ஒரு ஹிட் தட்டா?

நீலஊசி:
புளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் ரெக்கார்டு கம்பெனியின் கதை என்றாலே, 1965-ல் லிபர்ட்டி ரெக்கார்ட்ஸ் என்ற பெரிய கம்பெனி அதை வாங்கியது, அதோடு எல்லாம் கெட்டது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதைத் தொடங்கிய ஆல்ஃபிரட் லயனுக்குச் சிக்கல் 1964-லேயே வந்துவிட்டது. அந்த வருடம் வெளிவந்த டிரம்பெட் கலைஞர் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்' அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் 25-வது இடம் வரை போனது. சின்ன கம்பெனிக்கு இது வரம் இல்லை, சங்கடம். தட்டு அச்சடிக்கும் ஆலைக்குக் காசை உடனே கொடுக்க வேண்டும். விநியோகஸ்தரோ வசூலை இழுத்தடிப்பார். அப்புறம் "இதே மாதிரி இன்னொன்று கொடு" என்பார். அந்த நெருக்கடியில்தான் லயன் விற்றார்.

கட்டைவிரல்தாளம்:
ஹிட்டால் சாகும் கம்பெனி என்றால் 1939-லேயே செத்திருக்க வேண்டும் நண்பரே. அந்த வருடம்தான் சிட்னி பெஷேயின் 'சம்மர்டைம்' நன்றாக விற்றது. கம்பெனி தொடங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை.

சரி, 1964-க்கே வருவோம். ஹிட் நெருக்கடியில் மாட்டியவர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' போடுவாரா? ஆண்ட்ரூ ஹில்லின் 'பாயிண்ட் ஆஃப் டிபார்ச்சர்' போடுவாரா? இரண்டும் அந்த வருடம் பதிவானவை, இரண்டுமே கடையில் குவியலாக விற்கும் சரக்கு இல்லை. விற்ற பிறகும் 1966-ல் செசில் டெய்லரின் 'யூனிட் ஸ்ட்ரக்சர்ஸ்' வந்தது. லயன் 25 வருடத்துக்கு மேல் இதை இழுத்தவர், உடல்நிலையும் சரியில்லை. களைத்துப்போய் விற்றார், அவ்வளவுதான்.

நீலஊசி:
டெய்லர் தட்டு வந்தபோது லயன் உள்ளேயே இருந்தார். அவர் விலகியது 1967-ல். கூட்டாளி ஃபிரான்சிஸ் உல்ஃப் 1971-ல் காலமானார். அதற்குப் பிந்தைய எழுபதுகளின் தட்டுகளைக் கேட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம். இன்னொன்று, சைட்வைண்டருக்குப் பிறகு எத்தனை ஆல்பங்களில் முதல் பாட்டு அதே குலுக்கல் தாளத்தில் இருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தற்செயல் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வாடகைவீடு:
இரண்டு பேரும் லயனுக்கு மாலை போட்டுக்கொண்டே சண்டை போடுகிறீர்கள். விற்றாரே, எதை விற்றார்? கலைஞர்கள் வாசித்த மாஸ்டர் டேப்புகளை, அதாவது மூலப் பதிவுகளை. வாசித்தவர்களை யார் கேட்டார்கள்?

சாக்ஸஃபோன் கலைஞர் டீனா ப்ரூக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1958 முதல் 1961 வரை தலைவராக நான்கு ஆல்பங்கள் பதிவு செய்தார். 1974-ல் இறக்கும் வரை வெளியானது 'ட்ரூ ப்ளூ' ஒன்றுதான். மற்றவை அலமாரியில் தூங்கின. எச்சரிக்கையாக இருந்தவர் பியானோ கலைஞர் ஹோரஸ் சில்வர்: தன் பெயரை ஆங்கிலத்தில் திருப்பிப்போட்டு 'எக்காரோ' என்று சொந்தப் பதிப்புரிமை நிறுவனமே வைத்துக்கொண்டார். சுயாதீன லேபிள் (ரெக்கார்டு கம்பெனி) என்றால் முதலாளி சுயாதீனம் மட்டுமா? 1952-ல் இசைக்கலைஞர்களான சார்லஸ் மிங்கஸும் மேக்ஸ் ரோச்சும் தொடங்கிய 'டெபியூ'வையோ, 1971-ல் அவர்களைப் போலவே கலைஞர்களான சார்லஸ் டாலிவரும் ஸ்டான்லி கவலும் தொடங்கிய 'ஸ்ட்ராட்டா-ஈஸ்ட்'டையோ பேசினால் அந்தச் சொல்லுக்கு மரியாதை.

கட்டைவிரல்தாளம்:
டெபியூ ஐந்தாறு வருடத்தில் மூடிய கடை. லயன் ஒத்திகைக்கும் சம்பளம் கொடுத்தவர் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? நியூ ஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவுக்குப் போகும் முன்பே பாட்டு பழகியிருக்கும். அந்தக் கச்சிதம் காதிலேயே தெரியும்.

வாடகைவீடு:
1956-ல் மைல்ஸ் டேவிஸ் குழு பிரஸ்டீஜ் என்ற வேறொரு ஜாஸ் கம்பெனிக்காக அதே வான் கெல்டரிடம் இரண்டே நாளில் வாசித்துக் குவித்ததிலிருந்து நான்கு ஆல்பம் வந்தது. கச்சிதத்துக்கு அங்கே என்ன குறை? ஒத்திகைக் காசு நல்ல மனசு, ஒப்புக்கொள்கிறேன். அதற்காக டேப் முழுக்க முதலாளிக்கே என்று ஆகிவிடாது.

நீலஊசி:
வாடகைவீடு சொல்வதில் பாதி சரி. ஆனால் 1947-ல் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கை யார் சீண்டினார்கள்? தட்டு விற்கவில்லை. லயன் 1952 வரை திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பதிவு செய்தார். அந்த நஷ்டத்தில் கலைஞர் பங்கு போட்டிருப்பாரா, அதையும் சொல்லுங்கள்.

வாடகைவீடு:
மங்க்கின் பாட்டுகளை உலகமே வாசிக்கிறது சார். இன்று அந்தப் பழைய தட்டுகள் மறுபதிப்பாக வருகின்றன. லயன் போட்ட காசு என்றைக்கோ திரும்பியிருக்கும், லயனுக்கு அல்ல, கம்பெனியை வாங்கியவர்களுக்கு. தலைப்பில் நீங்கள் கேட்ட கேள்விக்கே இதுதான் என் பதில்.