வித்துக்கூடு கலந்த முகக்களிம்பு: மகரந்த ஒவ்வாமை உள்ளவர் பூசலாமா?

கேள்வி: லைக்கோபோடியம் என்னும் பூக்காத செடியின் வித்துகளிலிருந்து (விதையல்ல, அது இனம்பெருக்க உதிர்க்கும் தூள் போன்ற நுண்துகள்கள்) எடுத்த நுண்கூடுகளில் வைட்டமின் ஈ அடைத்த களிம்பை என் தங்கை வாங்கியிருக்கிறாள். அவளுக்கு மகரந்த ஒவ்வாமை உண்டு, பூசலாமா?

பதில் 1: ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் காரணமாகும் புரதத்தை அமிலமும் காரமும் கொண்டு நீக்கிய பின் எஞ்சும் ஸ்போரோபொலெனின் என்னும் வெற்றுக்கூட்டையே இதற்குப் பயன்படுத்துகிறார்கள். ஏறத்தாழ 25 மைக்ரான் அளவுள்ள அக்கூடு, புண்ணில்லாத தோலை ஊடுருவாமல் மேலேயே தங்கி, உள்ளிருக்கும் வைட்டமின் காற்றுபட்டுக் கெடாமல் காக்கிறது.

பதில் 2: சுத்திகரிக்காத வித்துப்பொடி வேறு. முன்பு அறுவைசிகிச்சைக் கையுறைகளில் தூவிய அப்பொடி, காயத்துக்குள் விழுந்து கட்டிகளை உண்டாக்கியது. ஆகவே புரதம் நீக்கப்பட்டதா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள், ஐயா. ‘இயற்கையானது’ என்ற அச்சடிப்பு எனக்குப் போதாது.

பதில் 3: முதலில் முழங்கை உட்புறத்தில் சிறிது பூசி இரண்டு நாள் பார்க்கட்டும், மூச்சிரைப்பும் இருந்தால் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடலாம்.