வாசிகசாலைக் கழிவறையில் குடு: என்ன செய்யலாம்?

வணக்கம். கொழும்பில் ஒரு பொது வாசிகசாலையில் வேலை செய்கிறேன், எது என்று கேட்காதீர்கள். கொஞ்ச நாளாகக் கழிவறையைக் கூட்டுகிற அக்கா கருகிய ஈயத்தாள் துண்டுகளை எடுத்து வருகிறார். இங்கே குடுவை, அதாவது ஹெரோயினை, பெரும்பாலும் ஈயத்தாளில் சூடாக்கிப் புகையை இழுப்பார்கள், அதனால் விஷயம் விளங்கிவிட்டது.

பூட்டிவிடு என்கிறார்கள் சிலர். ஏ.எல். பிள்ளைகளும் பேப்பர் பார்க்க வரும் வயசாளிகளும் பிறகு எங்கே போவது? நீல விளக்குப் போடும் யோசனையும் வந்தது. நரம்பு தெரியாமல் செய்து ஊசி போடுவதைத் தடுக்கத்தான் அது. புகைக்கிறவருக்கு என்ன கணக்கு! பொலிஸ் கடைசி வழியாக இருக்கட்டும். சந்தேகப்படுகிறவர்களில் ஒருவர் நல்ல வாசகர்.

பிலடெல்பியாவில் நூலகர்கள், அளவு மீறிப் போதை எடுத்து மயங்கியவரை மீட்கும் நலொக்சோன் மருந்து கொடுக்கவே பழகியிருக்கிறார்கள். அது குடு மாதிரியானவற்றுக்குத்தான் கேட்கும், ஐஸ் என்கிற மற்றப் போதைப்பொருளுக்கு இல்லை. யாராவது மயங்கினால் 1990 அம்புலன்ஸுக்கு அழைப்பது என்று மட்டும் இப்போதைக்கு முடிவு.

தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்தில் தமிழில் பேசியவர்கள் இருக்கிறீர்களா? ஊழியர்களுக்குப் பயிற்சி தருவார்களா? அப்புறம், கதவைத் தட்டி எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தாதியர், சமூக சேவையாளர்கள் சொல்லுங்கள். இன்பொக்ஸிலும் எழுதலாம்.