ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் லீக்: குறைவாக ஆடியவர் கார்டுக்கு என்ன வரம்பு?

வணக்கம் நண்பர்களே. ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக் (நிஜ வீரர்களின் சீசன் புள்ளிவிவரப்படி செய்த கார்டுகளையும் பகடைகளையும் வைத்து ஆடும் மேசை விளையாட்டு) பேஸ்பால் லீக்கை வருடக்கணக்கில் நடத்துபவர்கள் உதவ வேண்டும்.

மூன்று பகடைகளில் வெள்ளைப் பகடையில் 1-3 விழுந்தால் பேட்டர் கார்டு, 4-6 என்றால் பிட்சர் (பந்து வீசுபவர்) கார்டு; மற்ற இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை கார்டில் பார்க்க வேண்டிய வரியைக் காட்டும். நிஜ சீசனில் 60 முறை மட்டும் பேட் செய்து 24 ஹிட் அடித்தவரின் கார்டில் 6, 7, 8 போன்ற அடிக்கடி விழும் வரிகளில் ஹிட்டுகள் குவிந்திருக்கும். தினமும் இறக்கினால் முழு சீசனின் 162 ஆட்டமும் .400 சராசரி (பத்துக்கு நான்கு ஹிட்) பக்கம் அடிப்பார். முழு சீசன் உழைத்த நல்ல வீரர் பெஞ்சில். இது லீக்கையே கெடுத்துவிடும்.

நிஜத்தில் பேட் செய்த எண்ணிக்கையில் 110% வரை, அதாவது 60-க்கு 66 முறை என்று வரம்பு வைக்கலாம். 81 ஆட்ட லீக்கில் 33. ஆனால் நடுவில் அவர் வேறு அணிக்கு டிரேட் ஆனால், பழைய அணி செலவழித்த எண்ணிக்கை அவருடனேயே போகுமா? பிளேஆஃபில் (சீசனுக்குப் பிந்தைய நாக்-அவுட் சுற்று) எப்படிக் கணக்கிடுகிறீர்கள்? மீறினால் என்ன தண்டனை என்பதையும் சேர்த்து உங்கள் விதியை அப்படியே எழுதுங்கள்.