ஐஸ் பிளாண்ட்ல இருந்து வேற கம்பெனிக்கு மாறணும், யாரைப் பிடிக்கிறது?

மண்டபம்_ஆபரேட்டர்:
அண்ணன்மாருக்கு வணக்கம். ஐடிஐ-ல எம்ஆர்ஏசி (ஃப்ரிட்ஜ், ஏசி மெக்கானிக் படிப்பு) முடிச்சிருக்கேன். மண்டபம் பக்கம் ஐஸ் பிளாண்ட்ல 6 வருஷமா அமோனியா கம்ப்ரசர் ஆபரேட்டர். தூத்துக்குடி மீன் கம்பெனிகளுக்கு மாறணும், இல்லேன்னா வெளிநாடு. விளம்பரம் பார்த்து பயோடேட்டா அனுப்புனா பதிலே வர்றதில்ல. ஆள் தெரிஞ்சாத்தான் நடக்கும்ங்கிறாங்க, எனக்குப் பெரிய ஆள் யாரையும் தெரியாது. யார்கிட்ட, எப்படிக் கேக்கணும்? முதலாளி காதுக்கும் போகக்கூடாது.

உச்சிப்புளி_மெக்கானிக்:
பெரிய ஆள் வேண்டியதில்ல தம்பி. பிளாண்ட் பிளாண்டா சுத்துற ஆள்தான் வேணும். உங்க கூட ஷிப்ட் பாக்கிறவருக்குத் தெரிஞ்சது உங்களுக்கும் தெரியும், அவர்கிட்ட கேட்டுப் புதுசா ஒண்ணும் கிடைக்காது. கம்ப்ரசர் ஓவர்ஹாலுக்கு வர்ற மெக்கானிக், அமோனியா சிலிண்டர் இறக்குற வண்டிக்காரர், ஆயிலும் கேஸ்கெட்டும் விக்கிற கடைக்காரர், மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர், மீன் ஏத்திட்டுப் போற கம்பெனி வண்டி டிரைவர் இவங்களைப் பிடிங்க. எந்த இடத்துல ஆள் வேலையை விட்டு நின்னுட்டாரு, எங்க புது மெஷின் இறங்குதுன்னு விளம்பரத்துக்கு முன்னாடியே இவங்களுக்குத் தெரிஞ்சிரும். அதுலயும் மெக்கானிக் சொன்னா ஒரு எடை உண்டு. நீங்க ஓட்டுற மெஷினைப் பிரிச்சுப் பார்த்தவர் அவர். வால்வ் பிளேட் எந்த லட்சணத்துல இருக்கு, ஆயில் எப்ப மாத்துனதுன்னு பார்த்தே ஆபரேட்டர் எப்படின்னு சொல்லிருவாரு.

அவரைப் பிடிக்கத் தோதான நேரம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும், ஐஸ் ஓட்டம் குறையும், ஓவர்ஹால் வேலை அப்பத்தான் நடக்கும். கூடவே நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுங்க. பேச்சு தானா வரும்.

மத்த மாசத்துல போன் பண்றதா இருந்தா நாள் பார்த்துப் பண்ணுங்க. ராமேஸ்வரத்துல விசைப்படகு கடலுக்குப் போறது திங்கள், புதன், சனி. ஐஸ் ஏத்துற அவசரத்துல யாரும் பேச மாட்டாங்க. படகு போகாத நாள் சாயங்காலம் 4 மணிக்கு மேல கூப்பிடுங்க.

தொண்டி_சூப்பர்வைசர்:
யாரைக் கேக்கணும்ங்கிறதை அண்ணன் சொல்லிட்டாரு. எப்படிக் கேக்கிறதுங்கிறதுலதான் நிறைய பேருக்குக் கெட்டுப்போகுது.

"எதாவது வேலை இருந்தா சொல்லுங்கண்ணே"ன்னு கேட்டா "பாக்கிறேன்"னு வரும், அதோட சரி. எந்த வேலை, எந்த ஊருன்னு தெரியாம அவர் எதை யோசிப்பாரு? வேலையைக் கேக்காம விவரத்தைக் கேளுங்க. விவரம் சொல்ல அவருக்குச் செலவும் இல்ல, பொறுப்பும் இல்ல. இந்த மாதிரி அனுப்பலாம்:

"அண்ணே வணக்கம், மண்டபம் ஐஸ் பிளாண்ட் ஆபரேட்டர். ஏப்ரல்ல நம்ம கம்ப்ரசர் பிரிக்க வந்தீங்களே. தூத்துக்குடியில அமோனியா பிளாண்ட் இருக்கிற கம்பெனிக்கு மாறலாம்னு இருக்கேன். அங்க மெயின்டனன்ஸ் பாக்கிறவர் யாருன்னு சொல்ல முடியுமா? உங்க பேரைச் சொல்லி அவர்கிட்ட பேசலாமா? இப்போதைக்கு வெளிய தெரிய வேண்டாம்ணே."

யாரு, எங்க பார்த்த பழக்கம், என்ன வேணும், அவர் பேரைச் சொல்ல அனுமதி. இதுக்கு மேல நீட்டாதீங்க. பேரைச் சொல்ல அனுமதி வாங்கியே ஆகணும். வாங்காம "இன்னார் அனுப்புனாரு"ன்னு போய் நின்னா, அங்கிருந்து அவருக்கு போன் போகும், அவர் "எனக்குத் தெரியாதே"ம்பாரு. அத்தோட ரெண்டு கதவும் சாத்திரும்.

புது ஆள்கிட்ட பேசி முடிக்கும்போது "இன்னும் யார்கிட்ட கேட்டா நல்லதுண்ணே?"ன்னு ஒரு வார்த்தை போட்டு வைங்க. ஒரு பேரு ரெண்டாகிறது அங்கதான். நோட்டுல தேதி, பேரு, அவர் சொன்னது, அடுத்து எப்ப பேசணும்னு நாலு கட்டம் போட்டு எழுதுங்க. வாரத்துக்கு 5 பேர் போதும். ஒரே நாள்ல 40 பேருக்கு ஃபார்வேர்ட் பண்ணா அது நோட்டீஸ், யாரும் படிக்க மாட்டாங்க. பதில் வரலேன்னா 10 நாள் கழிச்சு ஒரு தடவை ஞாபகப்படுத்துங்க, அதுக்கு மேல வேண்டாம்.

பயோடேட்டா ஒரே பக்கம், பிடிஎஃப். "கடின உழைப்பாளி"யை எடுத்துட்டு தினம் எத்தனை டன் பிளாண்ட், கம்ப்ரசர் என்ன மாடல், எத்தனை எச்பி மோட்டார், கண்டென்சர் என்ன வகை, கேஸ் சார்ஜிங், ஆயில் டிரெய்ன் தனியா பண்ணுவீங்களா, இதைப் போடுங்க. போனை வாங்கிப் பாக்கிற மெயின்டனன்ஸ்காரர் தேடுறது இதைத்தான்.

இன்னொண்ணு, ஐஸ் பிளாண்ட் வேற, ஃப்ரீசிங் பிளாண்ட் வேற. நம்ம பிரைன் டேங்க் (ஐஸ் கேன் நிக்கிற உப்புத்தண்ணித் தொட்டி) மைனஸ் 10 டிகிரியை ஒட்டி நிக்கும், சிங்கிள் ஸ்டேஜ், அதாவது கேஸை ஒரே தடவையில அமுக்குறது போதும். மீனை உறைய வைக்கிற பிளேட் ஃப்ரீசர், பிளாஸ்ட் ஃப்ரீசருக்கு அமோனியாவை மைனஸ் 40 வரைக்கும் இறக்கணும். அதை ஒரே ஸ்டேஜ்ல இழுத்தா கம்ப்ரெஷன் ரேஷியோ (உள்ள வர்ற அழுத்தத்துக்கும் வெளிய தள்ளுற அழுத்தத்துக்கும் உள்ள விகிதம்) ஏறும், டிஸ்சார்ஜ் சூடு கூடும், ஆயில் கெட்டுப்போகும். அதுக்குத்தான் ரெண்டு ஸ்டேஜும், நடுவுல கேஸைக் குளிர வைக்கிற இன்டர்கூலரும். இன்டர்வியூவில கேட்டா இது வாய்ல வரணும், இல்லேன்னா சொல்லிவிட்ட மெக்கானிக்குக்கும் சேர்த்துத் தலைகுனிவு.

மண்டபம்_ஆபரேட்டர்:
ரொம்ப நன்றிண்ணே. முதலாளி விஷயம்? 15,000 முன்பணமும் பாக்கி இருக்கு.

உச்சிப்புளி_மெக்கானிக்:
அதை முதல்ல சொல்லியிருக்கணும். இந்தக் கரையில பிளாண்ட் ஓனருங்க எல்லாம் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க. பாம்பன்ல மதியம் கேட்டா மண்டபத்துக்கு ராத்திரிக்குள்ள வந்துரும். அதனால தூத்துக்குடியில இருந்து வர்ற ஆளுங்ககிட்ட ஆரம்பிங்க, உள்ளூர் ஓனர்கிட்ட கடைசியா. வாட்ஸ்அப் குரூப்ல போடவே போடாதீங்க, ஸ்டேட்டஸும் வேண்டாம்.

முன்பணத்தோட போனா புது இடத்துக்கும் போன் வரும். மாசாமாசம் சம்பளத்துல பிடிக்கச் சொல்லி இப்பவே குறைங்க. முடிச்ச அன்னிக்கு "பாக்கி இல்லை"ன்னு கையெழுத்தோட சீட்டு வாங்கிருங்க. புது முதலாளி கட்டித் தர்றேன்னாலும் ஒத்துக்காதீங்க, அங்கயும் அதே கயிறுதான்.

கீழக்கரை_வளைகுடா:
வெளிநாட்டுக்கு நான் சொல்றேன் தம்பி. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி எங்க போனாலும் வீட்டுக்கு ஒரு காக்கா (எங்க பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவோம்) வளைகுடாவுல இருப்பாரு. அவர்கிட்ட விசா கேக்காதீங்க, பாதிப் பேர் கையில அது இல்ல. "உங்க கேம்ப்ல சில்லர் (பெரிய கட்டடத்துக்கான குளிர்விக்கிற மெஷின்), ஏசி வேலை பாக்கிறவர் நம்பர் கிடைக்குமா காக்கா"ன்னு கேளுங்க. அவர்கிட்ட அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, ஓவர்டைம் தனியா வருதா, சம்பளம் தேதிக்கு விழுதான்னு கேட்டா கம்பெனியோட உண்மை முகம் தெரிஞ்சிரும். ஒண்ணு மனசுல வைங்க: அங்க பெரும்பாலும் ஏசி, சில்லர் வேலைதான். அமோனியா மட்டும் தெரிஞ்சா பத்தாது.

பத்தாவது பாஸ்னா உங்க பாஸ்போர்ட் ஈசிஎன்ஆர், அதாவது எமிக்ரேஷன் கிளியரன்ஸ் (வேலைக்கு வெளிநாடு போக அரசு அனுமதி) தேவைப்படாது. ஆனாலும் ஏஜென்ட்டோட லைசென்ஸ் நம்பரை இ-மைக்ரேட் தளத்துல (வெளிநாட்டு வேலைக்கான மத்திய அரசு இணையதளம்) போட்டு, லைசென்ஸ் இப்ப நடப்புல இருக்கான்னு பாருங்க. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கலாம்னு இருக்கிற உச்சக் கட்டணம் 30,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா 35,400, அதுவும் ரசீதோட. லட்சக்கணக்குல கேட்டாலோ, "விசிட் விசாவில போ, அங்க மாத்திக்கலாம்"னாலோ, சொந்த மாமாவே சொன்னாலும் வேண்டாம். தெரிஞ்சவர் மூலமா வந்ததுங்கிறதுக்காகப் பார்க்காம விடுறதுலதான் காசு போகுது.

மண்டபம்_ஆபரேட்டர்:
காக்கா, அண்ணன்மார் எல்லாருக்கும் நன்றி. அனுபவச் சான்று குடுக்க மாட்டாங்க போல. என்ன செய்ய?

தொண்டி_சூப்பர்வைசர்:
பிஎஃப் பிடிச்சிருந்தா பிஎஃப் தளத்துல யுஏஎன் (உங்க பிஎஃப் நம்பர்) போட்டு உள்ள போய் சர்வீஸ் ஹிஸ்டரியை எடுத்து வைங்க, சேர்ந்த தேதி அதுல இருக்கும். 20 பேருக்குக் குறைஞ்ச பிளாண்ட்னா பிஎஃப் இல்லாமலே இருக்கலாம். அப்ப சம்பளம் விழுந்த பேங்க் ஸ்டேட்மென்ட், கூடவே "ஆமா, இவர்தான் ஓட்டுறாரு"ன்னு போன்ல சொல்ல ஒரு மெக்கானிக். கையில காசு வாங்குறவரா இருந்தா இந்த மாசத்துலயிருந்து அக்கவுண்ட்ல போடச் சொல்லுங்க.