மல்பெரிக் குச்சியை விறகாக எரிப்பது: உடுமலையிலிருந்து ஒரு அனுபவம்

உடுமலைப் பக்கம் பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் விறகுக்குப் பஞ்சமில்லை. இலையை மட்டும் பறித்துப் போட்ட காலம் போய், இப்போது கிளையோடு வெட்டித்தான் புழுவுக்கு வைக்கிறோம். இலையைப் புழு தின்றுவிடும், குச்சி மிஞ்சும். வி1 என்ற மல்பெரி ரகத்தில் வருடத்துக்கு 5, 6 அறுவடை என்றால் எவ்வளவு சேரும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

காயவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. பச்சைக் குச்சியின் எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அப்படியே அடுப்பில் செருகினால் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், மிச்சம் புகைதான். புழு எச்சத்தை உதறி எருக்குழிக்கு அனுப்பிவிட்டு, குச்சியைக் கட்டாமல் வெயிலில் பரப்பிவிடுவோம். ஒடித்தால் படக்கென்று முறிய வேண்டும். வளைந்து நார் உரிந்தால் இன்னும் காயவில்லை.

காய்ந்தது நன்றாகவே எரியும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துவிடும். வெந்நீருக்குச் சரி. பருப்பு வேகவைக்க என் மாமியார் இதைத் தொடமாட்டார், "பக்கத்திலேயே உட்கார்ந்து தள்ளிக்கிட்டே இருக்கணும்" என்பார். அவருக்குச் செடியைத் தரையை ஒட்டி வெட்டும் அடிக்கவாத்தில் கிடைக்கும் கட்டைதான் வேண்டும்.

விற்கலாமா என்று, கழிவை அழுத்தி எரிகட்டியாக்கும் பிரிக்கெட் ஆலை ஒன்றில் கேட்டேன். காயவைத்து, பொடியாக வெட்டிக் கொண்டுவந்தால் எடுப்பார்களாம். முழுக்குச்சியாக ஏற்றினால் வண்டி நிறைந்திருக்கும், எடை இருக்காது. வாடகைக்கே கட்டாது.

ஒரு நல்லது, மருந்து வாடை பட்டாலே புழு செத்துவிடும் என்பதால் மல்பெரிக்கு யாரும் கண்டபடி தெளிப்பதில்லை. தேனி மாவட்டம் கம்பத்தில் பன்னீர் திராட்சை வைத்திருக்கும் மச்சானுக்கு இந்த நிம்மதி இல்லை. மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து அடித்த கொடி அது. செம்பு தீயில் எரிந்து போகாது, சாம்பலில் அப்படியே தங்கும். அதனால் கவாத்துக் கொடியைச் சமையலுக்கும் வைப்பதில்லை, சாம்பலைத் தோட்டத்துக்கும் போடுவதில்லை.

எங்களிடமும் ஒரு விதிவிலக்கு உண்டு. பால் புழு நோய் என்ற தொற்றுநோய் புழுக்களுக்கு வந்த பேட்ச் என்றால் அந்தக் குச்சியைக் காயவைக்கிறேன் என்று புழு வளர்ப்பு மனைப் பக்கம் பரப்பவே கூடாது. தள்ளிக் கொண்டுபோய் உடனே கொளுத்திவிட வேண்டும். விறகு போனால் போகட்டும், அடுத்த பேட்ச் முக்கியம்.

குச்சி வெட்டும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்தவர்கள் யாராவது இருந்தால், மணிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள்.