வார இறுதி நகரப் பயணம்: சாப்பாடு, இரவு ஆட்டம், டிரைவ் மூன்றும் ஒரே பயணத்தில் சாத்தியமா?

கரிசல்குயில்:
நாங்கள் நாலு பேர், பழைய நண்பர்கள். வெள்ளி மாலை வேலை முடிந்து கிளம்பி ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். ஒரு வேளையாவது நல்ல இடத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட வேண்டும், இரவில் இசை, பார், ஆட்டம் என்று ஊர் சுற்ற வேண்டும், பக்கத்தில் இருக்கிற கடற்கரைச் சாலையில் ஒரு டிரைவ் போக வேண்டும். இப்போதைக்கு யோசித்து வைத்திருப்பது இதுதான்: வெள்ளி இரவு போய்ச் சேர்ந்து தூக்கம், சனி பகலில் ஊர், சனி இரவு முழுக்க வெளியே, ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காரை எடுத்துக் கடலோரமாக ஒரு டிரைவ், அப்படியே வீடு. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இது நடக்குமா?

மலைப்பாதை:
மூன்றும் நடக்கும். ஆனால் ஞாயிறு காலை ஆறு மணி என்பதை இப்போதே அடித்துவிடுங்கள். குடித்த மது இரத்தத்திலிருந்து இறங்கும் வேகம் சராசரியாக மணிக்கு 15 மில்லிகிராம்தான், அதாவது 100 மில்லி இரத்தத்தில் இருக்கிற அளவு மணிக்கு அவ்வளவே குறையும். இரவு இரண்டு மணிக்கு 120 இருந்தால் காலை ஏழு மணிக்கும் 45 இருக்கும். இந்தியாவில் சட்டப்படி எல்லை 30, ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகளில் 50. காபி குடித்தாலும், தலைக்குக் குளித்தாலும், எலுமிச்சைச் சாறு குடித்தாலும் அந்த வேகம் கூடாது, தெளிந்துவிட்ட மாதிரி ஒரு நினைப்பு வரும், அவ்வளவுதான். அதுவும் நீங்கள் போகப்போவது ஒரு பக்கம் பாறையும் ஒரு பக்கம் பள்ளமுமாக இருக்கிற சாலை.

டிரைவைச் சனி காலைக்கு மாற்றுங்கள். வெள்ளி இரவு பத்து மணிக்குப் படுத்து, சனி ஆறரைக்குக் கிளம்பி, மதியம் இரண்டு மணிக்குள் ஊர் திரும்பி, நன்றாகத் தூங்கி எழுந்து, இரவை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இழுத்துக்கொள்ளுங்கள்.

பின்னிரவு:
நண்பரே, குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பதில் உங்களோடு எனக்கு ஒரு வார்த்தைகூடச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் சொல்கிற திட்டத்தில் வெள்ளி இரவு காணாமல் போய்விட்டதே. ஒரு நகரத்தில் கிடைப்பது இரண்டே இரவுகள், அதில் ஒன்றைப் பத்து மணிக்குப் படுத்துக் கழிப்பது எந்த ஊர் நியாயம்? அதுவும் வெள்ளி இரவு. சனிக்கிழமை என்றால் வாசலில் வரிசை, உள்ளே நெரிசல், பார் கவுண்டருக்கு முண்டியடிக்க வேண்டும். வெள்ளியன்று அந்த ஊரிலேயே வேலை பார்க்கிறவர்கள் வாரம் முடிந்த நிம்மதியில் வந்து உட்கார்ந்திருப்பார்கள், ஊர் எப்படிப் பேசுகிறது, எதற்குச் சிரிக்கிறது என்பதை அவர்கள் பக்கத்து மேசையில் இருந்தால் தெரிந்துகொள்ளலாம்.

நான் சொல்வது ஒன்றுதான்: டிரைவை விடுங்கள். அதற்குத் தனியாக ஒரு பயணம் போங்கள். கடற்கரைச் சாலையை ரசிக்கலாம் என்கிறீர்கள், ஓட்டுகிறவர் எதை ரசிப்பார்? அவர் கண் அடுத்த வளைவில் இருக்கும், எதிரே வருகிற பஸ்ஸில் இருக்கும். பின்சீட்டில் இருப்பவர்கள் அரை மணி நேரத்தில் தலையைக் கண்ணாடியில் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்குவார்கள். "டேய், கடல் தெரியுது பாருங்கடா" என்று முன்னால் இருக்கிறவர் கத்தும்போது ஒருத்தர் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து ம்ம் என்பார். இதற்காகவா ஒரு இரவைத் தியாகம் செய்ய வேண்டும்?

பந்திக்குமுந்து:
இரண்டு பேருமே சாப்பாட்டைப் பற்றிப் பேசவில்லை. கேட்டவர் முதலில் எழுதியதே அதைத்தான்.

வெள்ளி மாலை வேலை முடித்துக் கிளம்பினால் ஊர் சேர எப்படியும் ஒன்பது, பெட்டியை அறையில் வைத்துவிட்டு வெளியே வரும்போது பத்து. உணவகம் பதினொன்று வரை என்று இணையத்தில் போட்டிருக்கும், அது கதவு மூடும் நேரம். அடுப்பு அதற்கு முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே அணைந்துவிடும். நாங்கள் பத்தேகாலுக்கு ஒரு இடத்துக்குள் நுழைந்தபோது பாதி நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்திருந்தன, பரிமாறுகிறவர் மெனு அட்டையைக் கையில் கொடுத்துக்கொண்டே "சூடாக எதுவும் கிடையாது" என்றார். ஆகவே முன்பதிவு செய்யும்போது "எத்தனை மணி வரை திறந்திருப்பீர்கள்" என்று கேட்காதீர்கள், "கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு" என்று கேளுங்கள்.

பெரிய சாப்பாடு சனி இரவு எட்டு மணிக்கு என்று பலரும் வைப்பார்கள், அந்த நேரத்தில்தான் சமையலறைக்கு மூச்சு முட்டும். அதே இடத்தில் சனி மதியம் போய்ப் பாருங்கள், அதே சமையல்காரர், பாதிக் கூட்டம், பல இடங்களில் விலையும் குறைவு, பரிமாறுகிறவர் நின்று நாலு வார்த்தை பேசுவார். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு வரை உட்காருங்கள். டிரைவ் போகிறேன் என்று அந்த மதியத்தை நெடுஞ்சாலை ஓரக் கடையில் கழிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

மலைப்பாதை:
சரி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

ஓட்டுகிறவர் ரசிக்க மாட்டார் என்பது நூறு கிலோமீட்டரை நிறுத்தாமல் ஓட்டுகிறவர்களுக்குப் பொருந்தும். டிரைவ் என்றால் வண்டியை நிறுத்துவதும் சேர்ந்ததுதான், பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்கி நிற்க வேண்டும். இங்கே பலரும் செய்வது நீளமான சாலையைத் தேர்ந்தெடுப்பது. ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு 243 கிலோமீட்டர், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் 1919 முதல் 1932 வரை வெட்டிய சாலை, அற்புதமானது, ஆனால் மெல்போர்னில் தங்கிக்கொண்டு கடலோரமாகவே ட்வெல்வ் அப்போஸ்தல்ஸ் என்கிற கடல் பாறைத் தூண்கள் வரை போய் அன்றே திரும்புகிறேன் என்றால் நாள் முழுக்கப் போய்விடும், திரும்பும்போது இருட்டில் எதுவும் தெரியாது. கேப் டவுன் பக்கத்தில் சாப்மன்ஸ் பீக் டிரைவ் வெறும் 9 கிலோமீட்டர், அதற்குள் 114 வளைவுகள். நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, போய் நின்று நிதானமாகப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். வார இறுதிக்கு ஏற்றது இரண்டாவது வகை. உங்கள் கடற்கரைச் சாலையிலும் முழு நீளத்தையும் ஓட்டி முடிக்க வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நல்ல இருபது கிலோமீட்டர் எது என்று பார்த்து அதை மட்டும் போங்கள்.

இன்னொன்று, அந்தச் சாலை திறந்திருக்கிறதா என்று முதல் நாள் பாருங்கள். கலிபோர்னியாவில் பிக் சர் பக்கம் 2017 மே மாதம் மலை சரிந்து நெடுஞ்சாலை 1-ஐ மூடியது, 2018 ஜூலையில்தான் திறந்தார்கள். மலையும் கடலும் சேர்கிற இடத்தில் மழைக்குப் பிறகு இது எங்கேயும் நடக்கும்.

சாப்பாட்டுக்காரருக்கு: மதியம் மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வளைவுச் சாலைக்குப் போனால் பின்சீட்டில் ஒருத்தருக்காவது வாந்தி வரும். இரண்டிலிருந்து நாலு மணி வரை உடம்பே தூக்கம் கேட்கிற நேரம், வயிறு நிறைந்திருந்தால் கேட்கவே வேண்டாம். அதனால்தான் டிரைவ் காலையில், சாப்பாடு அதற்குப் பிறகு என்கிறேன். நான் உங்கள் மதியச் சாப்பாட்டுக்கு எதிரியே இல்லை.

பின்னிரவு:
சாப்மன்ஸ் பீக் எல்லா ஊருக்கும் பக்கத்தில் இருக்காது. கார் கொண்டுபோவதால் வருகிற மற்றத் தொல்லைகளையும் சேர்த்துப் பாருங்கள். ஊர் நடுவில் அறை எடுத்தால் பார்க்கிங் இருக்காது, பார்க்கிங் இருக்கிற இடத்தில் அறை எடுத்தால் ஊர் தள்ளிப்போய்விடும். இத்தாலியில் பல நகரங்களில் பழைய ஊர்ப் பகுதிக்குள் வெளி வண்டி நுழையவே கூடாது, கேமரா படம் பிடித்துவிடும், அபராதச் சீட்டு மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

இரவு ஊர் சுற்றப் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கடைசி ரயில். லண்டனில் 2016 முதல் வெள்ளி, சனி இரவுகளில் சில சுரங்க ரயில் தடங்கள் விடிய விடிய ஓடுகின்றன, பெர்லினிலும் வார இறுதியில் ஓடும். டோக்கியோ அவ்வளவு பெரிய ஊர், நள்ளிரவு தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ரயில் நின்றுவிடும், பிறகு காலை ஐந்து மணிக்குத்தான். இதைப் பார்க்காமல் விலை மலிவு என்று ஊர் ஓரத்தில் அறை போட்டால், பன்னிரண்டு மணிக்குப் பாட்டு சூடு பிடிக்கிற நேரத்தில் நாலு பேரும் கைபேசியைப் பார்க்க ஆரம்பிப்பீர்கள். நடந்து திரும்பக்கூடிய தூரத்தில் அறை எடுங்கள், கார் வேண்டாம், இரண்டு இரவும் உங்களுடையது.

கரிசல்குயில்:
எல்லாருக்கும் நன்றி. ஒரு விஷயம் சொல்லாமல் விட்டேன், எங்களில் ஒருத்தன் குடிப்பதில்லை. அவன்தான் எப்போதும் ஓட்டுவான். அப்படி இருக்கும்போது ஞாயிறு காலைத் திட்டத்தில் பிரச்சினை இல்லையே?

வேப்பமரம்:
இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. கரிசல் தம்பி, நானும் குடிக்காதவள். எங்கள் கூட்டத்திலும் "அக்கா இருக்காங்க, பார்த்துப்பாங்க" என்பதுதான் திட்டம், யாரும் என்னிடம் கேட்டது கிடையாது.

குடிக்காதவருக்கும் தூக்கம் வேண்டும். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கை வேகமும், 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவர் அளவுக்குக் குறைந்துபோவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். உங்கள் நண்பர் சனி காலை எட்டு மணிக்கு எழுந்தார் என்று வையுங்கள், இரவு ஒரு மணிக்கே 17 மணி நேரம் முடிந்துவிடும். மூன்று மணி வரை உங்களோடு நின்று, மூன்று பேரையும் பத்திரமாக அறையில் சேர்த்து, ஒருத்தருக்குத் தண்ணீர் பாட்டில் திறந்து கொடுத்து, கதவைப் பூட்டிப் படுக்கும்போது மூன்றரை. ஆறு மணிக்கு அவரை எழுப்பி மலைச் சாலையில் ஓட்டச் சொல்கிறீர்கள். அவர் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை, ஆனால் அந்த நேரத்தில் அவர் கையில் ஸ்டீயரிங்கைக் கொடுப்பது சரியில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அவர் உங்கள் நண்பராக வருகிறாரா, டிரைவராக வருகிறாரா? இரண்டு நாளும் அவர் பார்க்கப்போவது சாலை, சிக்னல், பார்க்கிங் டிக்கெட். பின்னிரவு எழுதினாரே, ஓட்டுகிறவர் எதை ரசிப்பார் என்று, அந்த ஒரு வரியில் நான் அவர் பக்கம். ஆனால் டிரைவையே விட வேண்டும் என்பதில் நான் அவர் பக்கம் இல்லை. ஓட்டுகிறவர் மாற வேண்டும். வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு பேர் பெயரைச் சேருங்கள். பெயர் இல்லாதவர் ஓட்டி ஏதாவது ஆனால் காப்பீடு கைகொடுக்காது. ஒரு நிறுத்தம் வரை ஒருத்தர், அடுத்த நிறுத்தத்தில் இன்னொருத்தர்.

பந்திக்குமுந்து:
வேப்பமரம் அக்கா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சாப்பாட்டு மேசையிலும் இதே கதைதான், குடிக்காதவருக்கு ஒரு சோடாவை வைத்துவிட்டுக் கடைசியில் கணக்கை நாலாகப் பிரிப்பார்கள். சாப்பாட்டைப் பொதுவாகவும் மதுவைத் தனியாகவும் பில் போடச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள், பிறகு மனஸ்தாபம் வராது.

பின்னிரவு:
அக்கா, ஓட்டுகிறவர் மாறினால் பாதிப் பிரச்சினை தீரும் என்பது சரி. ஆனால் மாறி மாறி ஓட்ட வேண்டும் என்றால் முந்தின இரவு நாலு பேரும் அளவோடு இருக்க வேண்டும், நாலு பேரும் தூங்க வேண்டும். மறுபடியும் வெள்ளி இரவைத்தான் பிடுங்குகிறீர்கள்.

மலைப்பாதை:
பிடுங்கவில்லை, ஞாயிறு இருக்கிறதே. சனி காலை டிரைவ் என்று சொன்னேன், அதில் ஆறரை என்பதைத் தளர்த்திக்கொள்கிறேன். வெள்ளி இரவு பன்னிரண்டு வரை ஊர் சுற்றுங்கள், மறுநாள் ஓட்டப்போகிற இரண்டு பேர் மட்டும் குடிக்காமல் இருக்கட்டும். சனி இரவு அந்த இரண்டு பேரின் முறை, கார் பக்கமே போக வேண்டாம். ஞாயிறு மதியம் பந்திக்குமுந்து சொல்கிற அந்த நீண்ட சாப்பாடு. மாலையில் வீடு திரும்புவது சாதாரண நெடுஞ்சாலைதானே, அதை வெள்ளியன்று குடித்தவர்கள் ஓட்டட்டும், ஆனால் சனி இரவு அவர்கள் அடங்கி இருந்திருக்க வேண்டும்.

பின்னிரவு:
இதை என்னால் ஏற்க முடியும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு இரண்டு இரவும் வேண்டும். ஆனால் கார் கட்டாயம் என்று முடிவெடுத்தவர்களுக்கு இது நேர்மையான கணக்கு. ஊருக்கு ரயிலில் போய், சனி பகலுக்கு மட்டும் அங்கேயே கார் எடுத்தால் ஞாயிறு யார் ஓட்டுவது என்ற பேச்சும் இல்லை. திருப்பிக் கொடுக்கிற இடம் சனி மாலை எத்தனை மணிக்கு மூடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்குள் இருக்கிற கிளைகள் பல சீக்கிரம் மூடிவிடும்.

கரிசல்குயில்:
வேப்பமரம் அக்கா எழுதியதைப் படித்துவிட்டு அவனிடமே கேட்டேன். அவனுக்குக் கிளப்பில் ஆட ஆசையாம், இதுவரை நாங்கள் கிளம்புகிற நேரத்தில் வண்டி எடுக்க வேண்டும் என்பதால் பாதியிலேயே வெளியே வந்துவிடுவானாம். வெள்ளி இரவு அவனுடையது, சனி அவன் ஓட்டவே மாட்டான். மற்ற மூவரில் நானும் இன்னொருத்தனும் வெள்ளியன்று தொடப்போவதில்லை. ரயிலில் போகிறோம், சனி பத்து மணிக்கு அங்கே கார். ஞாயிறு மதியச் சாப்பாட்டுக்கு மேசை சொல்லியாயிற்று, கடைசி ஆர்டர் எத்தனை மணிக்கு என்றும் கேட்டுவிட்டேன்.

மலைப்பாதை:
நல்லது. கிளம்பும் முன் மேப்பில் ஒன்று பாருங்கள், கடல் எந்தப் பக்கம் வருகிறது என்று. இடதுபக்கம் ஓட்டுகிற நாடு என்றால் கடல் உங்கள் இடதுகைப் பக்கம் வருகிற திசையில் போங்கள், நின்று பார்க்கிற இடங்களில் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே கடக்காமல் அப்படியே ஒதுங்கலாம். வளைவுகளில் குமட்டல் வருகிறவரை முன்சீட்டில் உட்காரவையுங்கள்.

வேப்பமரம்:
முன்சீட்டில் உட்காருகிறவர் கைபேசியில் வழி பார்த்துச் சொல்லும் வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள், தலை குனிந்தால் குமட்டல் இன்னும் கூடும். அது பின்சீட்டுக்காரர் வேலை, தூங்காமலும் இருப்பார்.